கூர் தீட்டிய பாவம்

மைசூரில் யாரைக் கேட்டாலும் ஒரே ஓர் அசுரனைத்தான் சொல்வார்கள். சாமுண்டி மலை மேல் ஒரு கையில் கத்தியும் மறு கையில் பாம்புமாகப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்களே, அவனை. தசராவுக்கு வருகிற கூட்டம் அவன் காலடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகும். செத்துப்போன அசுரனுக்கு அவ்வளவு உபசாரம். சாகாத அசுரன் ஒருவன் அதே மலைக்குப் பின்பக்கம், தண்ணீர் தேங்கிய பழைய கல்குழியில் கிடந்தான். கல்குழிக் காலனிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அவனைத் தெரியாது. அவன் பெயர் குளிரன்.

குளிரன் ஆளைத் தின்ன மாட்டான். ரத்தம் குடிக்க மாட்டான். மனுஷனுக்குள் இருக்கிற சூட்டை மட்டும் உறிஞ்சிக்கொள்வான். அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்க வைக்கிறதே, அந்தச் சூடு. அது போன பிறகும் ஆள் நடப்பான், சாப்பிடுவான், ஒழுங்காக வேலைக்குப் போவான். முகத்தில் காறித் துப்பினால் மட்டும் துடைத்துக்கொண்டு சிரிப்பான். ஒரு காலத்தில் எல்லையம்மன் அவனை அந்தக் குழிக்குள் தள்ளி அடக்கி, காவலுக்குப் பன்னிரண்டு வாள்பிள்ளைகளை நிறுத்தினாள் என்று காலனியில் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் வம்சம்தான் இன்றைக்கும் கோயில் படை. அப்பனுக்குப் பின் மகன் வாளை எடுப்பான்.

தசராவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வாள்பிள்ளைகள் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு குழியைச் சுற்றி வருவார்கள். சுற்றுவதற்கு முன்னால் சன்னதியில் ஒரு சோதனை உண்டு. ஆளுக்கு மூன்று முறை, தன் வாளால் தன் வெற்று மார்பில் ஓங்கி அடித்துக்கொள்ள வேண்டும். மனசும் உடம்பும் சுத்தமானவனை வாள் வெட்டாதாம். வெட்டினால் அவன் பாவியாம். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் மட்டும் இன்றைக்கு உயிரோடு கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. அது கிடக்கட்டும்.

அந்த வருஷம், தொண்ணூற்று நாலில், கருப்புசாமிக்கு அது முதல் சோதனை. கட்டடங்களில் கம்பி கட்டுகிறவன். அதிர்ந்து பேச மாட்டான். வாள் அவன் அப்பனுடையது. அப்பன் அந்தச் சித்திரையில் நஞ்சன்கூட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை. பரணில் கிடந்த வாளை எடுத்துப் பார்த்தால் துரு. எலுமிச்சம்பழத்தின் தோலைக்கூட அது கீறவில்லை. கருப்புசாமிக்கு மனசு கேட்கவில்லை. அம்மன் கொடுத்த வாள் இப்படியா கிடப்பது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் துரு போக்கி, சாணைக்கல்லில் தீட்டு தீட்டென்று தீட்டினான்.

அவன் பெண்டாட்டி மல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக்காரி. அவள் வாய் திறந்தால் காலனியே கதவைத் திறந்து பார்க்கும்.

“எதுக்கு மாமா இத்தனை கூரு? ஓங்கி அடிச்சுக்கறப்போ மாரு கிழிஞ்சு தொங்கப்போவுது. அப்பறம் யாரு தெச்சுப் போடறது, நானா?”

“கூரு இல்லாத வாளு வெட்டாம இருந்தா அதுல அம்மனுக்கு என்ன பெருமை?” என்று சிரித்தான் கருப்புசாமி. “கூர்வாளா இருந்தும் வெட்டாம இருக்கோணும். அதுதான புள்ளே சத்தியம்!”

பைத்தியக்காரன். சொன்னதை எல்லாம் அப்படியே நம்பினான்.

செவ்வாய்க்கிழமை காலை சன்னதி நிறையக் கூட்டம். அம்மனுக்குப் பக்கத்தில் கல்லில் செதுக்கின வாள்பிள்ளை ஒன்று உண்டு. அதன் மார்பில் மூன்று கோடுகள் வெட்டியிருக்கும். வழக்கம்போல அந்தக் கோடுகளில் குங்குமத்தைக் குழைத்து நிரப்பியிருந்தார்கள். படைத்தலைவர் கந்தசாமி முதலில் வந்து மார்பில் மூன்று அடி அடித்தார். சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு கீறல் இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்தவன், அதற்கடுத்தவன், யாருக்கும் ஒன்றுமில்லை. பதினோரு பேரும் புண்ணியவான்கள்.

கடைசியாகக் கருப்புசாமி. முதல் அடியிலேயே தோல் பிளந்தது. அவன் நிறுத்தவில்லை. அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இரண்டாவது அடி, மூன்றாவது அடி. மார்பில் மூன்று கோடாக ரத்தம் வழிந்து மஞ்சள் வேட்டியில் இறங்கியது.

குலவை நின்றுபோனது. கந்தசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் ஏதோ ஒன்று வந்து போனது. அப்புறம் குரலை உயர்த்தினார்.

“அம்மா உன்னை ஏத்துக்கலைடா கருப்பா. நீ என்ன பாவம் பண்ணுனியோ, அது உனக்குத்தான் வெளிச்சம். அடுத்த தசரா வரைக்கும் இவனுக்கு ஊர்த் தண்ணி இல்ல, ஊர் நெருப்பு இல்ல, யாரும் முகங்குடுத்துப் பேசக் கூடாது.”

அவன் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பை அறுத்தார்கள். வாளையும் கேட்டார்கள். அதை மட்டும் அவன் கொடுக்கவில்லை. பிறகு பதினோரு பேர் குழியைச் சுற்றி வந்தார்கள், பூசணிக்காய் வெட்டினார்கள், பொங்கல் வாங்கினார்கள். பூசணிக்காயை எப்போதும்போல அரிவாளால்தான் வெட்டினார்கள். இடுப்பில் வாள் தொங்கும்போது அரிவாள் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எத்தனை வருஷமாகத் தோன்றவில்லையோ!

கருப்புசாமியும் மல்லம்மாவும் காலனிக்கு வெளியே, குழி ஓரம் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு போனார்கள். அவன் இரவு பகலாகத் தன் பாவத்தைத் தேடினான். கட்டடத்தில் மேஸ்திரிக்குத் தெரியாமல் எடுத்து வந்த ஆணிகளா? விரத நாளில் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டா? மல்லம்மா மேல் ஒரு தடவை கை நீட்டினானே, அதுவா? ஒவ்வொன்றாகச் சொல்லி அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மார்புக் காயம் மூடவே இல்லை. மஞ்சள் வைத்தாலும் வேப்பிலை வைத்தாலும் அடுப்பில் கை வைத்த மாதிரி எரிந்துகொண்டே இருந்தது.

மல்லம்மா பாவம் எதையும் தேடவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் காலனிக் குழாய்க்குப் போனாள். பெண்கள் வழியை மறித்தார்கள். ஒருத்தி குடத்தைக் கவிழ்த்தாள்.

“ஏனக்கா, என்ற கொடத்துல என்ன பாவம் ஒட்டியிருக்குது?” என்று மல்லம்மா ஆரம்பித்தாள். “எங்கூட்டுக்காரர் யாரு குடியைக் கெடுத்தாரு? சொல்லுங்களேன் பாக்கலாம். வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க ஒவ்வொருத்தி வீட்டுக் கூரைக்கும் ஓசியில கம்பி கட்டிக் குடுத்தாரே, அப்ப அந்தக் கையில பாவம் தெரியலையா? தூ! உங்க தண்ணியை நீங்களே கட்டிட்டு அழுங்க!”

அந்தக் கோபத்தோடேயே திரும்பியவள் குழிக்குள் இறங்கி, தேங்கின தண்ணீரில் குடத்தை முக்கினாள். காலனிக்காரர்கள் யாரும் தொடாத தண்ணீர் அது. வேறு எங்கே போவாள்? தாகத்துக்கு ஒரு வாய் குடிக்கவும் செய்தாள்.

திரும்பி வந்தவள் சோற்றை வடித்து வைத்துவிட்டு, “சாப்புடுங்க” என்றாள். அவ்வளவுதான். குழம்பில் உப்பு இல்லை என்று கருப்புசாமி சொன்னதற்கு, “சரிங்க” என்றாள். அவனுக்கு முதலில் இதமாகக்கூட இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், கல்யாணமான நாள் முதல் அவன் திட்டு வாங்காமல் சாப்பிட்ட சாப்பாடு அதுதான். படுக்கும்போது அவள் கையைத் தொட்டான். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. “ஜொரமா புள்ளே?” என்றான். “ஒண்ணுமில்லீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குது” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே பசவராஜ் வந்தான். காலனிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவன்தான் மேஸ்திரி. குவெம்பு நகரில் அவன் கட்டுகிற கட்டடத்துக்குத் தண்ணீர் போதவில்லையாம். காலனிக் குழாயைப் பிடுங்கி அங்கே லைன் இழுத்துக்கொண்டான். வேறு சமயமாக இருந்தால் மல்லம்மா அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பசவராஜின் ஏழு தலைமுறையை இழுத்து, சர்க்கிள் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாள். அவள் கத்தினால் மற்றவர்களுக்கும் வாய் வரும். இப்போது அவள் தூரத்தில் நின்று, “பாவம், அவருக்கும் தண்ணி வேணுமில்ல” என்றாள். பசவராஜை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குழாய் போனது. காலனி மொத்தமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழிக்கு இறங்கியது. கந்தசாமி வீட்டில் மட்டும் கிணறு இருந்ததால் அவர் தப்பினார்.

மற்றவர்கள் ஒருவர் விடாமல் குளிர்ந்துபோனார்கள். குழாயடியில் சண்டையில்லை, சாராயக் கடையில் சண்டையில்லை, மாமியார் மருமகள் சண்டைகூட இல்லை. வெளியாட்கள் பார்த்தால் எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று மெச்சிக்கொள்வார்கள். பசவராஜ் மெச்சிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னான். வந்தார்கள். சாரம் கட்டக் கயிறு இல்லை, இருக்கிறதை வைத்துக் கட்டு என்றான். கட்டினார்கள்.

குழித் தண்ணீரைக் குடித்தவர்களில் கருப்புசாமி ஒருவன்தான் குளிரவில்லை. மார்பில் எரிந்துகொண்டிருந்த காயம் அவனை விடவில்லை. குளிரன் எழுந்துவிட்டான் என்று தெருவில் நின்று அவன் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் விரட்டவில்லை, ஒருத்தரும் கேட்கவுமில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

காலனியிலிருந்து வேலைக்குப் போன பொன்னம்மாவின் புருஷன் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அந்தக் கயிறில்லாத சாரம்தான். ஐந்தாவது மாடி. பசவராஜ் உடம்பை டெம்போவில் போட்டுக்கொண்டு வந்து பொன்னம்மாவின் வாசலில் இறக்கினான்.

“குடிச்சிட்டு ஏறினான் கணப்பா. நாவு ஏனு மாடோது, நாங்க என்ன பண்றது? சீக்கிரம் பொதைச்சிடுங்க. போலீஸு, கீலீஸுன்னு யாரும் அலைய வேண்டாம். முடியற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்” என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

செத்தவன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அது பசவராஜுக்கும் தெரியும். பொன்னம்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து பசவராஜிடம் கொடுத்தாள். “வெய்யில்ல வந்திருக்கீங்க, குடிங்கண்ணா” என்று சிரித்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுவதற்கும் உள்ளே சூடு வேண்டும்தானே! பக்கத்தில் நின்ற மல்லம்மா தலையை ஆட்டினாள். “மேஸ்திரிக்கு எத்தனை கஷ்டமோ, பாவம்” என்றாள்.

கருப்புசாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தன் பெண்டாட்டியின் தோள்களைப் பிடித்து உலுக்கினான். “மல்லி! என்னைப் பாரு புள்ளே. திட்டு. என்னையாவது திட்டு!” அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். “எதுக்குங்க கோவப்படறீங்க?” என்றாள். அவன் கொட்டகைக்கு ஓடி வாளை எடுத்துக்கொண்டு கந்தசாமி வீட்டுக்குப் போனான்.

கந்தசாமி அவனுக்குப் பெரியப்பன் முறை. கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒதுக்கிவைக்கப்பட்டவன் உள்ளே வரக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“பெரீப்பா, குளிரன் வந்துட்டான். பன்னெண்டு வாளும் எறங்குனாத்தான் அவனை முடிக்கலாம். என்னைச் சேத்துக்கோங்கன்னு நான் கேக்கல. நீங்க முன்னால போங்க, பாவி நான் கடைசியில வர்றேன்.”

“போயி?”

“வெட்டறதுதான்!”

“எதுல வெட்டறது?” என்றார் கந்தசாமி.

சுவரில் மாட்டியிருந்த தன் வாளை எடுத்தார். இடது உள்ளங்கையில் அதன் விளிம்பை வைத்து அழுத்தி ஒரு இழு இழுத்தார். கையை விரித்துக் காட்டினார். கோடுகூட விழவில்லை.

“எங்கப்பன் தேய்ச்சுக் குடுத்தது” என்றார். “கருங்கல்லுல கூரு செத்துப்போற வரைக்கும் தேய்ச்சுத்தான் புள்ள கையில குடுப்போம். எங்கப்பனுக்கு அவங்கப்பன். பதினோரு வாளும் இப்படித்தான். புள்ள மாருல ரத்தம் வந்து அவனை ஊரு ஒதுக்கறதை எந்த அப்பன் பாத்துட்டு இருப்பான்? உங்கப்பனும் உனக்குச் சொல்லியிருப்பான். அதுக்குள்ள பஸ்ஸுலயே போயிட்டான்.”

கருப்புசாமி அந்தக் கோடு விழாத உள்ளங்கையைப் பார்த்தான்.

“அன்னைக்கு எனக்கு ரத்தம் வந்தப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டே பாவின்னீங்க.”

“பின்ன என்னடா சொல்லச் சொல்றே? எங்க வாளெல்லாம் மொட்டைன்னு சன்னதியில நின்னு சொல்லவா? பதினோரு குடும்பத்து மானம் என்னாவறது?”

மானம்! கருப்புசாமிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. பிறந்ததிலிருந்து பெரியவர்கள் முன்னால் குனிந்து பேசினவன்.

“உங்க மானமா? நான் ஒரு பீடிக்கட்டுக்காக அம்மங்கிட்டக் கன்னத்துல போட்டுக்கிட்டனே, அது உங்களுக்குத் தெரியுமா? என்ன பாவம் பண்ணுனேன், என்ன பாவம் பண்ணுனேன்னு மண்டையை ஒடைச்சுக்கிட்டனே! என் பொண்டாட்டி கொடத்தைக் கவுத்தீங்க. அதனாலதான் அவ குழிக்கு எறங்குனா. இன்னிக்கு ஒரு பொம்பளை புருஷன் பொணத்து முன்னால நின்னு சிரிக்கறா பெரீப்பா, சிரிக்கறா! மொட்டை வாளைத் தூக்கிட்டுக் குழியைச் சுத்துனீங்களே, குளிரனுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஊரை ஏமாத்தலாம். அவன் எப்படி ஏமாறுவான்?”

கந்தசாமி வாளை மறுபடியும் ஆணியில் மாட்டினார். அந்த நேரத்திலும் அது நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார். கருப்புசாமி அவர் வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

கோயில் வழியாகத்தான் குழிக்குப் போக வேண்டும். சன்னதி திறந்திருந்தது. அம்மனைப் பார்க்கப் போனவன் அம்மனுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றான். கல் வாள்பிள்ளை. மார்பில் மூன்று கோடு. அலங்காரம் என்று நினைத்து எல்லாரும் குங்குமம் அப்பிக்கொண்டிருந்த மூன்று கோடு. கருப்புசாமி தன் சட்டையைத் திறந்து பார்த்துக்கொண்டான். அதே இடம், அதே சாய்வு. செதுக்கினவன் பொய் சொல்லத் தெரியாதவன். வாள்பிள்ளைக்கு ரத்தம் வரத்தான் வேண்டும். வந்தவன்தான் வாள்பிள்ளை. வராதவனை எல்லாம் புண்ணியவான் ஆக்கி, வந்தவனைப் பாவி ஆக்கினது மனுஷன். அம்மன் அப்படி ஒருநாளும் சொல்லவே இல்லை.

“இத்தனை வருஷம் குங்குமத்தைப் பூசிப் பூசியே உன் வாயை அடைச்சிட்டாங்களே தாயி” என்றான். சட்டையைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு இறங்கினான்.

உச்சி வெயில். மேலே பாறை கொதித்தது. கீழே இறங்க இறங்கக் குளிர் ஏறியது. வெடி வைத்துப் பிளந்த பாறைகளில் வெண்ணிறமாகப் பனி படிந்திருந்தது. தும்பிகள் பறந்தபடியே விறைத்துப் படிக்கட்டில் உதிர்ந்து கிடந்தன. பச்சைத் தண்ணீர் ஓசையில்லாமல் எழுந்து நின்றது. குழியின் சுவர் உயரத்துக்கு எழுந்தது, அதற்கு மேலும் எழுந்தது. தலை, தோள், பெரிய தொப்பை. தண்ணீரால் ஆன அந்தத் தொப்பைக்குள் சின்னச் சின்னதாக நெருப்புகள் மிதந்தன. பீடி நுனி அளவுதான் இருக்கும். காலனியில் எத்தனை பேரோ அத்தனை நெருப்பு. ஒன்று மட்டும் அடங்காமல் அங்குமிங்கும் முட்டிக்கொண்டு பொறி பறக்கச் சீறிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று கருப்புசாமிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வாப்பா” என்றான் குளிரன். அவன் குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது. ஆபீஸில் நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவார்களே, அந்தத் தன்மை. “எதுக்கு இத்தனை கோபம்? உடம்புக்கு ஆகாது. ஊரைப் பார், எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! அந்தப் பதினோரு பேரும் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. நீயும் மேலே போ. உன்னை மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.”

கருப்புசாமி பாய்ந்து வெட்டினான். வாள் தண்ணீருக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. குளிரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருப்புசாமியின் கைதான் தோள் வரைக்கும் மரத்தது. மறுபடி வெட்டினான். வாளில் பனி பிடித்தது. பச்சைக் கை ஒன்று வந்து அவன் மார்பைத் தடவியது, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல. எரிந்துகொண்டிருந்த காயம் முதல் தடவையாக ஆறியது. எவ்வளவு சுகமாக இருந்தது! பசவராஜ் பாவம் என்று தோன்றியது. கந்தசாமியும்தான் என்ன செய்வார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று தோன்றியது. வாள் பிடி நழுவியது.

தொப்பைக்குள் அந்த ஒற்றை நெருப்பு வந்து, அவன் முகத்துக்கு நேராகத் தண்ணீரில் மோதியது. மோதி மோதி விழுந்தது. அவள் மட்டும் வெளியே இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குக் காதிலேயே கேட்டது.

“சீ!” என்றான் கருப்புசாமி. பிடியை இறுக்கினான். வாளைத் திருப்பித் தன் மார்பில் ஓங்கி அடித்தான். ஒன்று, அம்மனுக்கு. இரண்டு, பொன்னம்மாவின் புருஷனுக்கு. மூன்றாவது அடியை அடிக்கும்போது மல்லி என்று கத்தினான். மூடப் பார்த்த காயங்கள் மறுபடி பிளந்து, சூடான ரத்தம் வாளில் ஓடியது. பனி சட்டென்று உருகி ஆவியானது. வாள் உலையில் வைத்த இரும்பாகச் சிவந்தது.

“இது வேண்டாம்” என்றான் குளிரன். இப்போது அவன் குரலில் தன்மை இல்லை. “கேள், பேசித் தீர்க்கலாம்…”

“எத்தனை பேசியாச்சு!” என்று கருப்புசாமி அந்தத் தொப்பையைக் குறுக்கே கிழித்தான்.

மலை அதிர்ந்தது. குழித் தண்ணீர் கொதித்து நீராவியாக எழுந்தது. அதன் நடுவிலிருந்து நெருப்புகள் சிட்டுக்குருவிக் கூட்டம் போலப் பறந்து காலனிப் பக்கம் போயின. குளிரன் இருந்த இடத்தில் நனைந்த பாறை மட்டும் மிச்சம். கருப்புசாமி முழங்காலில் விழுந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

முதலில் கேட்டது ஓர் அலறல். பொன்னம்மாவின் குரல். காலையிலிருந்து வராத அழுகை மொத்தமும் ஒரே வீச்சில் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல். இன்னொன்று. பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாத பெரும் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு மேலே ஏறி நின்றது ஒரு குரல்.

“சாவியைப் புடுங்குங்கடி மொதல்ல! எங்கடா ஓடறே? குடிச்சிட்டு ஏறுனானா? நீ பாத்தியா? நீ ஊத்திக் குடுத்தியா? உன் நாக்குல புழுவு வெக்க!”

கருப்புசாமி பாறை மேலேயே உட்கார்ந்து சிரித்தான். சிரிக்கும்போது மார்பு வலித்தது. பிறகு மெல்ல ஏறி வந்தான்.

காலனி அமர்க்களமாக இருந்தது. டெம்போ சாவி மல்லம்மாவின் இடுப்பில் செருகியிருந்தது. பசவராஜ் வேப்பமரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான். போலீஸ் வருகிற வரைக்கும் வண்டியும் நகராது, பிணமும் நகராது என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழாயைத் திரும்பப் பிடுங்கிவர ஒரு கூட்டம் குவெம்பு நகருக்குக் கிளம்பிப் போயிருந்தது.

எதிரே கந்தசாமி வந்தார். பட்டு வேட்டி, இடுப்பில் வாள், கையில் சாமந்தி மாலை. பின்னால் படைக்காரர்கள் பத்துப் பேர்.

“அம்மா மனசு எறங்கிட்டா கருப்பா” என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “உன் பாவத்தை மன்னிச்சாச்சு. வா, மறுபடியும் படையில சேந்துக்க.”

கேட்டீர்களா? மன்னித்தாயிற்றாம்!

கருப்புசாமி கத்தவில்லை. “உங்க வாளைக் கொஞ்சம் குடுங்க பெரீப்பா” என்றான். இத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. அந்த வாளை வாங்கி, அவர் கையிலிருந்த மாலையின் நாரில் வைத்து இழுத்தான். நார் அறுபடவில்லை. மறுபடி இழுத்தான். பூக்கள் நசுங்கின, நார் அப்படியே இருந்தது. கூட்டம் பார்த்தது. ஒவ்வொருத்திக்கும் அது புரிய இரண்டு நிமிஷம் ஆனது. பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

மல்லம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஓகோ! கதை இப்படிப் போவுதா? மாலை நாரை அறுக்காத வாளை வெச்சுக்கிட்டுத்தான் மாரைத் தட்டிக் காட்டுனீங்களா? எங்கூட்டு அரிவாமணைக்கு உங்களைவிட ரோசம் ஜாஸ்திங்க! மன்னிக்கறாராம்ல, மன்னிக்கறாரு! மன்னிக்க நீங்க யாருங்க? அவரு பாவி, நீங்க பதினோரு பேரும் புண்ணியவானு! இந்தப் பொம்பளை புருஷனைத் தூக்கிப் போட்டப்போ உங்க புண்ணியம் கூடத்துல கதவைச் சாத்திட்டு ஒக்காந்திருந்துதா?”

விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனாள். சாணைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து கந்தசாமியின் காலடியில் போட்டாள்.

“தீட்டுங்க!”

யாரும் குனியவில்லை. கந்தசாமி கல்லைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். அப்போது பிணத்தின் அருகிலிருந்து பொன்னம்மா எழுந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கருப்புசாமியின் கையிலிருந்த கந்தசாமியின் வாளை வாங்கிக்கொண்டாள். கல்லையும் இழுத்துக்கொண்டு போய்ப் புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தாள். வாளைத் திருப்பிக் கேட்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை.

மல்லம்மா திரும்பினாள். அப்போதுதான் தன் புருஷனை முழுசாகப் பார்த்தாள்.

“நீங்க என்ன பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க? ஐயோ தேவரே, சாமி, மாரெல்லாம் ரத்தம்! கூரு வேண்டாம், கூரு வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கேட்டீங்களா? சட்டை எங்கே? இருந்த ஒரு நல்ல சட்டையையும் தொலைச்சிட்டு வந்தாச்சா?”

அவள் கை அவன் மார்பில் பட்டது. சுட்டது. கருப்புசாமிக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

“இன்னங் கொஞ்சம் திட்டு, மல்லி” என்றான்.

அவளா விடுவாள்? மஞ்சள் பற்றுப் போட்டு முடிகிற வரைக்கும் திட்டினாள்.